கண்டுபிடித்தவர்: பாதுகாப்பு அமைச்சு

கண்டுபிடிப்பாளரைப் போற்றுவதற்கென்றே இலங்கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கம். அந்தச் சட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, ஆணைக்குழுவுக்கு ஒரு விருது, விருதுக்கு ஒரு விழா, விழாவுக்கு ஓர் அமைச்சர். குத்துவிளக்கும் பொன்னாடையும் சொல்லாமலே வந்துவிடும். இத்தனை இருந்தும், வடபகுதியில் கண்டுபிடிப்பு என்ற தொழிலைத் தனியாளாக நின்று வளர்த்தவருக்கு இன்றுவரை ஒரு சான்றிதழ் கிடையாது. இந்த அநியாயம் பொறுக்காமல் அவருக்காக நானே படிவத்தை நிரப்பிவிட்டேன்.

விண்ணப்பதாரர்: பாதுகாப்பு அமைச்சு, கொழும்பு.
கண்டுபிடிப்பு: பொருளாதாரத் தடை.
தொடங்கிய ஆண்டு: 1990.
பரீட்சித்துப் பார்த்த இடம்: யாழ்ப்பாணக் குடாநாடு.
பரீட்சிக்கப்பட்டோர்: இலட்சக்கணக்கான தமிழர்.
அவர்களிடம் சம்மதம் பெறப்பட்டதா: இக்கேள்வி பொருந்தாது.

பிறகு பிறந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, உரம், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில் ஏறின. பற்றரி குண்டுக்கு உதவும், சீமெந்து பதுங்குகுழிக்கு உதவும், உரம் வெடிமருந்துக்கு உதவும் என்று கொழும்பில் ஒருவர் மேசையிலிருந்து கணக்குப் பார்த்திருக்கிறார். அந்த மேசையிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு உதவுகிற எதுதான் போருக்கு உதவாது? அதே வருடம் ஆகஸ்டில் படையினர் தீவுப்பகுதிக்குள் இறங்கினார்கள். ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவுச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. அடுத்த வருடம் புங்குடுதீவும் வெறிச்சோடியது. வீட்டை விட்டுவிட்டு ஓடிவந்த தீவார், வந்து சேர்ந்த இடத்தில் தடைக்குள் அகப்பட்டார்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மிஞ்சியவர்களுக்குக் கடற்படை அனுமதித்தால் கடல். இல்லாவிட்டால் வெறும் உப்புத் தண்ணீர்.

படிவத்தில் இணை விண்ணப்பதாரர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதையும் வெறுமையாக விடுவது நியாயமில்லை. தடையைத் தாண்டி உள்ளே வந்த கொஞ்சச் சாமானுக்கும் வரி அறவிட்டு, வெளியே போக நினைத்தவனிடம் பாஸ் கேட்ட புலிகள் இயக்கத்தின் பெயரையும் சிறிய எழுத்தில் சேர்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் ஒரே சனத்தின் மேல் உழைத்த காரியம் இது.

இனி, விண்ணப்பத்தோடு சேர்க்கும் சான்றுகள்.

இணைப்பு ஒன்று: ஜாம் போத்தல் விளக்கு. ஜாம் முடிந்த போத்தலைக் கழுவிக் காயவைக்கவேண்டும். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய். ஒரு துளியும் கூடக் கூடாது. திரியைப் பிடிப்பதற்கு ஒரு சின்ன உலோகக் குழாய். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்கட்டை கிடைத்தால் அது போதும். அதற்குள் நூல்திரியை நுழைத்து, பஞ்சின் நடுவில் நிறுத்திக் கொளுத்தினால் போத்தலுக்குள்ளேயே சுடர் நிற்கும். கண்ணாடி சுற்றி நிற்பதால் காற்று அணைக்காது. எண்ணெய் பஞ்சுக்குள் இருப்பதால் தட்டுப்பட்டு விழுந்தாலும் பாய் எரியாது. தடித்த திரி போட்ட குப்பிவிளக்கு ஒரு மணித்தியாலத்தில் குடிக்கும் எண்ணெயில் இது ஓர் இரவைத் தள்ளிவிடும். இந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை ஓ.எல். படித்தது, ஏ.எல். படித்தது, பல்கலைக்கழகம் போனது. இதைச் செய்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. காப்புரிமை கேட்டு எவரும் வரவில்லை. அயல்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், அடுத்த நாள் அவள் வீட்டிலும் ஒன்று எரிந்தது. அவ்வளவுதான் அதன் விநியோக வலையமைப்பு.

இணைப்பு இரண்டு: சைக்கிள் றேடியோ. சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிறுத்தவேண்டும். டயரில் உரசும் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். அதுவும் மாறி மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். செத்துப்போன றேடியோக்களிலிருந்து டயோட்டுகளைக் கழற்றி அந்தக் கணக்கையும் சரிப்படுத்தினார்கள். பிறகு வீட்டில் இளந்தாரி ஒருவன் பெடலைக் கையால் சுற்றுவான். மற்றவர்கள் பிபிசி தமிழோசையைச் சுற்றி இருப்பார்கள். அவன் கை களைத்தால் லண்டனில் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். கிழவர் அதட்டுவார், குரல் மீளும். வியர்வை சொட்டச் சொட்ட அவன் சுற்றியதெல்லாம், வடக்கில் தட்டுப்பாடு எதுவும் கிடையாது என்று கொழும்பு விடுகிற அறிக்கையைத் தெளிவாகக் கேட்பதற்கு.

இணைப்பு மூன்று: மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, தீப்பொறிக்கு மசியாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல். பொன் உருக்குகிறவன் அளப்பதுபோல் அளந்து, சில துளியைக் கார்பரேற்றருக்குள் விட்டு உதைக்கவேண்டும். எஞ்சின் சூடேறும்வரை பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். பின்னால் வருகிறவன் இருமிக்கொண்டு வருவான். பிளக்கில் கரி பிடிக்கும். இறங்கித் துடைத்துவிட்டு மறுபடி உதைக்கவேண்டும். வைத்தியர் அதில் போனார், கலியாண மாப்பிள்ளை போனார், பிள்ளைத்தாய்ச்சி போனாள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் அதே புகையைக் கக்கிக்கொண்டு ரக்சி ஓடின. அவற்றைத் தயாரித்த இங்கிலாந்துக் கம்பனிக்காரர் நேரில் வந்து பார்த்திருந்தால் தங்கள் எஞ்சினுக்கு இத்தனை பொறுமை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அறிந்திருப்பார்கள்.

இணைப்பு நான்கு: பனம்பழம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்களியைப் போட்டு உடுப்புத் தோய்த்தார்கள். இது அதற்கு முந்திய தலைமுறைகளுக்கும் தெரிந்த வித்தை. தடை அதைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுத்தது. மரபறிவைப் பாதுகாத்தமைக்காக அமைச்சுக்கு மேலதிகமாக ஐந்து புள்ளி கொடுக்கலாம். நெடுந்தீவில் சீமெந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் நிற்கின்றன. அவற்றின் மேல் மட்டும் அமைச்சுக்கு எந்த உரிமையும் இல்லை. தடைக்கு முந்தியவை அவை. எந்தப் பட்டியலாலும் தடுக்க முடியாதவை.

சான்றுகள் இத்தனை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைக்க அது புதிதாக இருக்கவேண்டும், துறை தெரிந்தவருக்கும் சட்டென்று தோன்றாததாக இருக்கவேண்டும், கைத்தொழிலில் பயன்படவேண்டும். கடைசி நிபந்தனையில் அமைச்சுக்கு நூற்றுக்கு நூறு. தடையைப் போல ஒரு தொழிலை வளர்த்த பொருள் வேறு கிடையாது: லீற்றர் மண்ணெண்ணெயைக் கள்ளமாக விற்றவன், காவலரணில் கைநீட்டியவன், அனுமதிப்பத்திரம் வாங்கிக் கொடுத்த தரகன் என்று எத்தனை குடும்பங்கள் தழைத்தன! இரண்டாவது நிபந்தனையிலும் பிரச்சினையில்லை. இரண்டு பேனா பற்றரி வைத்திருந்த பள்ளிக்கூடப் பெடியனைப் பயங்கரவாதியாகப் பார்க்கும் யோசனை, அத்துறையில் தேர்ச்சி பெற்றவருக்குக்கூட இலேசில் தோன்றாது.

முதல் நிபந்தனையில்தான் விண்ணப்பம் இடறுகிறது. அமெரிக்கா 1962இலேயே கியூபாவுக்கு முழுத் தடை போட்டுவிட்டது. ஆகவே புதுமை இல்லை. ஆனாலும் இந்த ஒப்பீட்டை அவசரமாகத் தாண்டிப் போக மனம் வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோவியத் உதவியும் நின்றுபோனபோது கியூபாச் சனமும் எங்களைப் போலவே உடைந்ததைக் கொண்டு உள்ளதைச் செய்தது. சைக்கிளில் எஞ்சின் பூட்டியது; கழித்துவிட்ட பாகங்களில் மின்விசிறி செய்தது. 1992இல் அந்த நாட்டு இராணுவத்தின் பதிப்பகமான வேர்டே ஒலிவோ, சனத்தின் இந்தச் செய்முறைகளையெல்லாம் திரட்டி ஒரு புத்தகமாகவே போட்டது. தடையை விதித்தவன் வெளியே இருந்தான். சொந்த இராணுவம் புத்தகம் அச்சடித்தது. எங்களுக்குத் தடை போட்டதே சொந்த இராணுவம். புத்தகம் போட எவராவது நினைத்திருந்தாலும் தாள் கிடையாது. யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சான காலம் அது.

புதுமை ஒன்று இருக்கிறதென்று வாதாடலாம்தான். தன் குடிமக்கள் என்று ஐ.நா. சபையில் உரிமை கொண்டாடுகிற அதே மக்களுக்கு விளக்குத் திரியையும் கணக்குப் பார்த்துக் கொடுத்த அரசு உலகத்தில் அதிகம் இல்லை. கியூபா வேறு நாடு. யாழ்ப்பாணம் ஒரே நாட்டின் பிரிக்கமுடியாத அங்கம். பிரிக்கமுடியாத அங்கத்துக்கு இரத்தம் போகாமல் கட்டிவைத்த வைத்தியம் இலங்கைக்கே உரியது.

எந்தக் கண்காட்சியிலும் வைக்கப்படாத இன்னொரு பட்டியலும் இருக்கிறது: எவராலும் கண்டுபிடிக்க முடியாமற் போனவை. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் பிள்ளை படிக்கலாம். வயிற்றைக் கிழித்துச் சத்திரசிகிச்சை செய்ய முடியாது. டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்கலாம். இன்சுலினைக் குளிராக வைத்திருக்க முடியாது. மண்ணெண்ணெய்க்கு மாற்று வழி பார்க்கலாம். மயக்கமருந்துக்கு மாற்று பனையிலும் இல்லை, வடலியிலும் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்களைச் சுடலைக்குக் கொண்டுபோயாகிவிட்டது. பிழைத்த நாங்கள் எங்கள் கெட்டித்தனத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். கெட்டித்தனம் உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையை எங்களிடமிருந்து வாங்கித் தங்கள் மேடையில் விரித்துவைக்கும் கனவான்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

இப்போது அவர்களிடம் அதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, சனத்தின் தாங்குதிறன் பற்றி இரண்டு நாள் பட்டறை. சிக்கனப் புத்தாக்கம் பற்றி 2012இல் வெளிவந்து உலகம் சுற்றிய ஒரு முகாமைத்துவப் புத்தகம் குஜராத்தின் மண் குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டாடியது. அன்றுமுதல் இல்லாமையும் ஒரு பாடத்திட்டமாகிவிட்டது. இந்தியாவாவது 2000இல் ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்து, ஊர் ஊராக நடந்துபோய்க் கண்டுபிடிப்பாளரைத் தேடி, அவர்கள் பெயரைப் பதிந்துவைக்கிறது. இங்கே நெடுந்தீவில் ஒருவன் உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டால் அவன்தான் தேடிப் போகவேண்டும். விடிய மாவலித்துறையில் படகு. குறிகட்டுவானில் இறங்கி யாழ்ப்பாணத்துக்குப் பஸ். அங்கிருந்து கொழும்புக்கு இராப்பயணம். காலையில் அலுவலகம் திறக்கும்போது அவன் கையில் ஒரு பொருளும் கண்ணில் நித்திரையும் இருக்கும். காப்புரிமை இருபது வருடம் செல்லுபடியாகும். அவன் செய்த பொருள் இறங்குதுறையைத் தாண்டுவதற்கு அதில் ஒரு பங்கு போய்விடும்.

போர் முடிந்தது. தடை முடிந்தது. கண்டுபிடிப்பு மட்டும் நிற்கவில்லை. அரசின் பக்கம் முழு வேகத்தில் நடக்கிறது. ஊர்காவற்றுறைக் கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கட்டடம், 1971இல் ஜே.வி.பி. கைதிகளை அடைத்த சிறை. இன்று அதைக் கடற்படை ஹோட்டலாக நடத்துகிறது. சிறையில் காசு வாங்கித் தூங்கவைப்பது சாதாரண மூளைக்குத் தோன்றாத காரியம். அதற்கும் ஒரு விருது கொடுக்கலாம். அதே ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகக் கண்ணுக்கு எட்டிய தூரத்துக் கடல், பாலம் இல்லை. பாதை என்ற மிதவையில் சைக்கிளும் ஆளும் ஆடும் ஏறி நிற்கின்றன. அது பழுதாவது செய்தி இல்லை, ஓடினால்தான் செய்தி. நெடுந்தீவின் குமுதினிப் படகு 1985 மே 15ஆந் திகதி தன் பயணிகள் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்தது. குழந்தையும் கிழவரும் கிடந்த அதே மரப்படகைக் கழுவித் திருத்தி, மறுபடி அதே சனத்தை ஏற்றி, அதே கடலில் எத்தனையோ வருடம் ஓட்டினார்கள். அதற்கு மேல் என்ன தாங்குதிறன் வேண்டுமாம் பட்டறைக்காரருக்கு?

இவற்றையெல்லாம் விழுங்கிவிடும் கண்டுபிடிப்பு, கரண்ட் கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசல் ஜெனரேற்றருக்குப் பதிலாக வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் தருவது என்று முடிவாகி, 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர்தான் என்று இந்தியா முகம் சுளித்தது. அந்த டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலையை நிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. மாலைதீவின் 12 தீவுகளுக்குச் சூரிய மின்சாரம் கொடுக்கப் போவதாகவும் கூடவே சொல்லிக்காட்டியது. அதே மாதம் சீனத் தூதுவர் வேட்டி கட்டிக்கொண்டு நல்லூருக்கு வந்து போனார். 2022 மார்ச்சில் இந்தியா தன் கொடையில் செய்து தருவதாகக் கைச்சாத்திட்டது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தம் போனது. ஒரு பல்புக்கு இரண்டு வல்லரசுகள் மூன்று வருடம் மல்லுக்கட்டின. ஜாம் போத்தல் விளக்கைச் செய்தவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?

அந்த ஒப்பந்தத்தின் அளவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். சூரிய மின்சாரம் 1700 கிலோவாற். காற்று 530 கிலோவாற். இரண்டையும் கூட்டினால் 2230. துணைக்கு நிற்கும் டீசல் ஜெனரேற்றர் 2500 கிலோவாற். மூன்று நாட்டு ராஜதந்திரமும் சேர்ந்து வெயிலையும் காற்றையும் ஒருபக்கம் நிறுத்தி, டீசலை அவற்றைவிடப் பெரிதாக மறுபக்கம் நிறுத்தியிருக்கிறது. பற்றரி 2400 கிலோவாற் மணித்தியாலம். ஒரு சோடிப் பேனா பற்றரிக்காக ஆளைப் பிடித்து உள்ளே போட்ட மண்ணுக்கு இது. வட்டியோடு திருப்பித் தருகிறார்கள்போலும்.

தெற்குக்கும் ஒரு முறை இந்தப் பாக்கியம் வாய்த்தது. 2022இல் நாடு வங்குரோத்தானபோது பெற்றோல் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தார்கள், விறகு தேடினார்கள், சைக்கிள் வாங்கினார்கள். கொழும்புப் பத்திரிகைகள் அதைத் தேசத்தின் துயரம் என்று எழுதின. துயரம்தான், மறுக்கவில்லை. வடக்கு அதில் கிடந்தபோது அதற்குப் பெயர் பாதுகாப்பு நடவடிக்கை. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. கடற்றொழிலாளிக்கு மண்ணெண்ணெய் என்பது வெளிச்சமில்லை. வெளி இணைப்பு எஞ்சினின் சாப்பாடு. கெசற் அடித்துத் தடை போட வேண்டிய அவசியம் இனி இல்லை என்பதை அரசு அன்று கண்டுகொண்டது. விலையை ஏற்றிவிட்டால் தடை தானாக நடக்கும்; காவலரணும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். சுத்தமான, மெருகூட்டப்பட்ட இரண்டாம் பதிப்பு.

ஆகவே தீர்ப்பு. பாதுகாப்பு அமைச்சின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: பிறர் கண்டுபிடித்ததைப் பெரிய அளவில் பிரதிபண்ணியமை. ஜாம் போத்தல், டைனமோ, கார்பரேற்றர், பனங்களி எதிலும் அமைச்சுக்குப் பங்கில்லை; அவை அமைச்சை மீறிப் பிழைத்தவர்களுடையவை. விண்ணப்பக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. அதைச் சனம் ஏற்கெனவே கட்டிவிட்டது.

வாசிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எவராவது மேடையேறி தீவக மக்களின் புத்தாக்கத் திறனைப் புகழ்ந்தால் உடனே கைதட்டிவிடாதீர்கள். நெடுந்தீவில் நடுச்சாமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று வலி எடுத்தால் எந்தப் படகு, யாருடைய அனுமதியோடு, எத்தனை மணிக்குப் புறப்படும் என்று எழும்பிக் கேளுங்கள். நேரடியான பதில் வந்தால் தட்டுங்கள். வராவிட்டால் அவர் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.